தடமும் சாயலும்: தமிழ் நாவலின் அட்டையில் புகைப்படம் ஏறிய வரலாறு

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டித் தெற்கே வரும் பேருந்து பாடாலூரில் நின்று புறப்பட இரண்டு நிமிடம் ஆகும். மாத நாவல்கள் கொடிகட்டிப் பறந்த 1980களில் இப்படிப்பட்ட நிறுத்தங்களின் பெட்டிக்கடைகளில் அவை கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பத்தடி தூரத்திலிருந்து பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்து, சில்லறையை நீட்ட வேண்டும். நாவலாசிரியரின் பெயரைப் படிப்பதற்குள் கண்ணில் படுவது அட்டையிலுள்ள முகம். பெரும்பாலும் பெண் முகம். அந்த முகத்துக்கும் உள்ளே இருக்கும் கதைக்கும் என்ன உறவு என்று கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

பாடாலூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஊட்டத்தூர் இருக்கிறது. இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு 1860களில் இந்த ஊரின் பெயரையே ஒரு பாறைத் தொகுதிக்குச் சூட்டினார். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் கிடந்தது. அதில் வாழ்ந்து மடிந்த அம்மோனைட்டுகள் சுருண்ட வடிவில் கல்லுக்குள் பதிந்திருக்கின்றன. அவற்றை விவரித்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களிலும் 70களிலும் வெளியிட்ட பெருந்தொகுதிகளைப் புரட்டினால் காணக்கிடைப்பவை கல்லச்சில் வரைந்த ஓவியங்கள். கல்லில் கிடந்தது தடம். தாளில் ஏறியது சாயல்.

இந்த இரண்டு சொற்களையும் இக்கட்டுரை முழுக்கப் பயன்படுத்தப் போகிறேன். ஒன்றைப் பார்த்து, அதைப் போலவே அமைப்பது சாயல். ஒன்று ஓரிடத்தில் இருந்துவிட்டுப் போனபின் அங்கே எஞ்சுவது தடம். குறியியல் அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் இவ்விரண்டையும் பிரித்துப் பேசியபோது, புகைப்படம் இரண்டிலும் கால் வைத்திருப்பதைக் கவனித்தார். பொருளை ஒத்திருப்பதால் அது சாயல். பொருளின்மீது பட்ட வெளிச்சமே தாளைத் தொட்டதால் அது தடம். தமிழ் நாவலின் அட்டைக்குப் புகைப்படம் வந்த கதையை, சாயலாக வந்தது மெல்ல மெல்லத் தடமாக மாறிய கதை என்று வாசிக்கலாம் என்பது என் கருத்து. இடையிடையே சறுக்கல்களும் உண்டு.

தொடக்கத்தில் அட்டையே கிடையாது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சானபோது நாவலுக்கு முகம் என்றால் தலைப்புப் பக்கம்தான்: பெயர், ஆசிரியர், அவர் வகித்த பதவி, அச்சுக்கூடம், ஆண்டு எல்லாம் வெவ்வேறு அளவு எழுத்துகளில் நடுவாக அடுக்கப்பட்டிருக்கும். படம் வேண்டியிருந்தவர்கள் வேறு வகை வாசகர்கள். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலும் சென்னை குஜிலி பஜாரில் விற்ற சிறு பிரசுரங்களிலும் மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் இருந்தன. ஒரே கட்டையை இன்றைக்கு நல்லதங்காளுக்கும் நாளைக்கு வேறொரு ராணிக்கும் போட்டுக்கொள்வார்கள். வாசகருக்கும் அதில் புகார் இல்லை. கற்றவர் படிக்கும் நாவல் தன்னை இந்தச் சந்தைச் சரக்கிலிருந்து விலக்கிக் காட்டவே படமில்லாமல் வந்தது என்று நினைக்க இடமிருக்கிறது.

புகைப்படம் இந்தப் பகுதிக்கு அதற்கும் முன்பே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் ட்ரைப் தஞ்சை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டைப் படங்களைத் தனித்தனித் தொகுதிகளாக 1858இல் வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து நீளவாக்கில் ஒட்டி ஒரே சுருளாக்கியதும் அவர்தான். ஆனால் அன்றைய புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க முடியாது. ஒவ்வொரு பிரதிக்கும் தனியாகப் படம் போட்டுக் கையால் ஒட்ட வேண்டும். அரசாங்கத்துக்கு அது கட்டுப்படியாகும். நாவல் போடுபவருக்கு ஆகாது.

படத்தின் கருமை வெளிறலைச் சிறு சிறு புள்ளிகளாக உடைத்து உலோகத் தகட்டில் அரித்தெடுக்கும் ஹாஃப்டோன் முறை 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் பரவியபோதுதான் இந்தத் தடை உடைந்தது. தமிழ்நாட்டில் பிளாக் எனப்பட்ட அந்தத் தகட்டின் பெரிய வாடிக்கையாளராக ஆனது சினிமா. பேசும்படம் வந்த 1930களிலிருந்து, கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களின் அட்டையில் நடிகர் நடிகையரின் படம் அச்சாயிற்று. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன அச்சுப் பிரதி அது. புத்தக அட்டையில் புகைப்படம் என்றால் நட்சத்திர முகம் என்ற வழக்கம் நம் கண்ணில் ஊறியது அங்கேதான். பின்னால் மாத நாவல்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

நாவலுக்கும் புகைப்படத்துக்கும் மேற்கே நடந்த முதல் சந்திப்புகள் வேறு மாதிரியானவை. பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் ரோடன்பாக் 1892இல் வெளியிட்ட ‘ப்ரூஜ் லா மோர்த்’ என்ற சிறு நாவலில் ப்ரூஜ் நகரத்தின் கால்வாய்களும் பாலங்களும் கோபுரங்களும் புகைப்படங்களாக இடம்பெற்றன. மனைவியை இழந்தவன் ஒரு நகரத்தில் அவளைத் தேடும் கதை அது. படங்களில் அவளும் இல்லை, அவனும் இல்லை. இன்னும் துலக்கமான எடுத்துக்காட்டு ஹென்றி ஜேம்ஸ். 1907 முதல் 1909வரை வெளிவந்த அவருடைய 24 தொகுதிகள் கொண்ட நியூயார்க் பதிப்புக்கு ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்ற இளைஞர் முகப்புப் படங்கள் எடுத்தார். எதை எடுக்க வேண்டும், எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று ஜேம்ஸே வழிகாட்டினார். சில நாள் இருவரும் சேர்ந்தே லண்டன் தெருக்களில் அலைந்தார்கள். முதல் தொகுதியில் ஜேம்ஸின் முகம். அதற்குப் பிறகு கதவுகள், வீட்டு முகப்புகள், தெருக்கள், பாலங்கள். தன் கதைமாந்தர் எவருக்கும் ஒரு மாடலை நிறுத்திப் படமெடுக்க அவர் சம்மதிக்கவில்லை. வாசகன் மனத்தில் சொல்லால் எழுப்பிய முகத்தை இன்னொரு கலை வந்து கலைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. ஓவியரைக் கண்டு பயந்த எழுத்தாளர் புகைப்படக்காரரை நம்பினார். மனிதர் வந்துபோன வாசற்படியைக் காட்டிவிட்டு மனிதரைக் காட்டாமல் விட அந்தக் கலையால் முடிந்தது.

நம்மூரில் எழுத்தாளருக்கு அந்தப் பயம் வந்ததாகத் தெரியவில்லை. தொடர்கதை யுகத்தில் ஓவியர் எழுத்தாளரின் பங்காளியாகவே இருந்தார். 1950 முதல் 1954வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வரைந்த படங்கள் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தன. பிற்கால ஓவியர்கள் அந்தக் கொண்டையையும் நகையையும் கண் வெட்டையும் விட்டு விலகுவதற்குத் திணறினார்கள். கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு வரைந்தவையும் அப்படித்தான். வாரா வாரம் கோட்டோவியத்தில் பார்த்துப் பழகிய முகம் நூலாக வரும்போது அட்டைக்கு ஏறுவது இயல்பு. ஆக, தமிழ் வாசகருக்குக் கதைமாந்தர் என்றாலே ஒரு முகம் உண்டு. அதைக் காட்டுவது அட்டையின் வேலை.

இந்த எதிர்பார்ப்பின்மேல்தான் 1970களிலும் 80களிலும் மாத நாவல்கள் புகைப்படத்தை ஒட்டவைத்தன. ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று வரிசை நீண்டது. ஓவியருக்குக் கதையைப் படிக்க ஒரு நாளாவது வேண்டும். கையிருப்பில் இருக்கும் டிரான்ஸ்பரன்சியை எடுத்து அச்சகத்துக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும். ராஜேஷ்குமாரின் கொலைக் கதைக்கும் இன்னொருவரின் குடும்பக் கதைக்கும் ஒரே வகைச் சிரித்த முகம் வந்தது அதனால்தான். குஜிலி பஜாரின் மரக்கட்டை மறுபிறவி எடுத்ததுபோல.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைப் பதிவுசெய்தாக வேண்டும். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரட்டையர் சுபா என்ற பெயரில் எழுதிய நாவல்களின் அட்டைக்குப் படமெடுத்தவர் கே.வி. ஆனந்த். பிற்பாடு ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் பெயர்பெற்ற அவர் அப்போது சுயேச்சைப் பத்திரிகைப் புகைப்படக்காரர். அந்தப் பழக்கம் பல ஆண்டு நீடித்து, ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரனையே நாயகனாக்கிய ‘கோ’ (2011) படத்தின் திரைக்கதையில் மூவரையும் ஒன்றுசேர்த்தது. நாவலுக்கென்றே தனியாக எடுக்கும் படத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அதில் ஒரு கணம் இருக்கும். யாரோ திரும்பிப் பார்ப்பார்கள், எதுவோ நடக்கப்போகும். சிரித்த முகம் எந்தக் கதைக்கும் பொருந்தும். திரும்பிப் பார்க்கும் முகம் ஒரு கதையைக் கேட்கிறது. திகில் நாவலின் கரு சந்தேகம் என்றால், அந்தச் சந்தேகத்தை அட்டைக்குக் கொண்டுவரச் சிரமப்பட்டவர்களும் அந்த மலிவுப் பதிப்பு உலகில் இருந்தார்கள். தீவிர இலக்கிய விமர்சனம் இந்த உழைப்பை இன்றுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தீவிர இலக்கியம் அந்த ஆண்டுகளில் புகைப்படத்தின் பக்கமே திரும்பாமல் இருந்ததற்குக் கொள்கை ஒரு காரணம். காசு இன்னொரு காரணம். பின்னதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. லைன் பிளாக், ஹாஃப்டோன் பிளாக் என்று அச்சகத்தில் இரண்டு வகை உண்டு. வெறும் கோட்டால் ஆன படத்துக்கு லைன் பிளாக் போதும், செலவு குறைவு, எந்தத் தாளிலும் ட்ரெடில் இயந்திரத்தில் தெளிவாக விழும். ஹாஃப்டோனுக்கு வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் வேண்டும். சாதாரண அட்டையில் புள்ளிகளுக்கு இடையே மை அப்பிக்கொண்டு முகம் கரிப்பூச்சாகிவிடும். ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி போட்டு, பொது நூலகத்துறை வாங்கினால் முதல் தேறும் என்று காத்திருந்த பதிப்பாளர் கோட்டோவியத்தையே கேட்டார்.

கேட்டவர்களுக்கு ஒரு மேதை கிடைத்தார். பாடாலூருக்கு மேற்கே, துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம். காந்தியைப் பற்றிய கோட்டோவிய வரிசையால் அறியப்பட்ட அவர் சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் அட்டை வரைந்ததோடு, தலைப்பு எழுத்துகளையே படமாக்கினார். அதுவரை சினிமா விளம்பர எழுத்துகளின் வளைவிலும் நிழலிலும் சிக்கியிருந்த தமிழ் எழுத்து, அவர் கையில் கரடுமுரடாக, கல்லில் வெட்டியதுபோல நின்றது. 1974இல் தொடங்கிய க்ரியா, நூலின் தாள், எழுத்து, ஓரம், அட்டை எல்லாவற்றையும் ஒரே பொருளாகக் கருதும் வழக்கத்தை நிலைநாட்டியபோது இந்த மரபு உறுதிப்பட்டது. ஆதிமூலத்தின் கோடுகளில் உருவம் முழுதாக இருக்காது. ஒரு தோள், ஒரு தலைப்பாகை, மிச்சம் வெள்ளை. கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முகத்தைக் காட்டாமல் ஆளைக் காட்டலாம் என்ற பாடத்தைத் தமிழ் அட்டைக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் ஓவியர்தான், புகைப்படக்காரர் அல்லர். பின்னால் வந்த புகைப்பட அட்டைகள் அந்தப் பாடத்தைக் கடன் வாங்கிக்கொண்டவை.

சிவகாசியின் ஆஃப்செட் இயந்திரங்கள் வண்ணத்தை மலிவாக்கியதும், 1990களில் கணினி அச்சுக்கோப்பு சின்னப் பதிப்பாளரின் மேசைக்கு வந்ததும் கணக்கை மாற்றின. இப்போது புகைப்படம் ஓவியத்தைவிடச் செலவு குறைந்தது. காலச்சுவடு, உயிர்மை, தமிழினி, வம்சி, அடையாளம் முதலிய பதிப்பகங்கள் நாவலின் அட்டைக்கு நிலக்காட்சியையும் வீட்டின் உட்புறத்தையும் மனித உடலின் ஒரு பகுதியையும் கொண்டுவந்தன. எழுத்தாளர்களைத் தொடர்ந்து படமெடுத்த புதுவை இளவேனில் போன்றவர்கள் கேமராவை இலக்கியத்தோடு சேர்த்துப் பார்க்கும் ஒரு கண்ணை உருவாக்கினார்கள். ஜெயகாந்தனின் மீசையும் பாலகுமாரனின் தாடியும் அட்டையில் வந்தது ஒரு காலம். அதில் ஆசிரியரே தன் நாவலின் கதாநாயகர். அதற்கு நேர் எதிர்முனையில் நிற்பவர் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியின் சல்மா. அவர் புனைபெயரில் எழுதத் தொடங்கிய நாட்களில் வீட்டுக்கு வெளியே முகம் தெரியாமல் இருப்பதே அவருடைய எழுத்துக்குக் காப்பு. இரண்டாம் ஜாமங்களின் கதை (2004) சொல்வதும் பார்க்கப்படாமல் வாழும் பெண்களின் உலகத்தைத்தான். அப்படியொரு நாவலின் அட்டையில் ஒரு பெண் முகத்தைப் பெரிதாகப் போட்டால் அட்டை உள்ளடக்கத்தை மறுத்துப் பேசுகிறது என்று பொருள்.

புகைப்படம் நாவலின் கருவைத் தொடுவது எப்படி என்பதற்கு நம் வாசகர்களும் அறிந்த இரண்டு அட்டைகள் அருந்ததி ராயுடையவை. 1997இல் வந்த ‘தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்’ முதல் பதிப்பில் சஞ்சீவ் சைத் எடுத்த குளத்துப் படம்: தண்ணீர், இலைகள், ஒரு பூ. புலியும் சேலை கட்டிய பெண்ணும் தன் அட்டையில் வரக் கூடாது என்பதற்காகவே வடிவமைப்பில் தனக்கு அதிகாரம் வேண்டுமென்று அவர் கேட்டு வாங்கியது பலரும் அறிந்த செய்தி. இந்தியா என்றதும் உலகச் சந்தை எதிர்பார்க்கும் சாயல்கள் அவை. குளம் அப்படியில்லை. ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ படித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கதையில் ஒரு குழந்தையை நீர் கொண்டுபோகிறது. படித்து முடித்துவிட்டு அட்டையைத் திரும்பப் பார்க்கும்போது, அமைதியாகத் தெரிந்த நீர்ப்பரப்பு அமைதியாக இல்லை. இருபது ஆண்டு கழித்து வந்த ‘பெருமகிழ்வின் பேரவை’யின் மூலப் பதிப்புக்கு டெல்லியைச் சுற்றி நடந்தே படமெடுக்கும் மயங்க் ஆஸ்டன் சூஃபியின் படம்: பளிங்குக் கல்லறைப் பரப்பும் வாடிய ஒரு ரோஜாவும். கல்லறைத் தோட்டத்தில் குடியிருக்கும் கதைக்கு அதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்ல? இரண்டிலும் ஆள் இல்லை; ஆள் இருந்துபோனதற்கான சான்று இருக்கிறது. இந்தப் படங்கள் வாசிப்புக்கு முன்பு ஒன்றையும் பின்பு இன்னொன்றையும் சொல்கின்றன. நல்ல அட்டைக்கு நான் அறிந்த ஒரே அளவுகோல் இதுதான்.

இவ்வளவு சொன்னபின், முகமில்லா அட்டையே மேல் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இமையத்தின் கோவேறு கழுதைகளை எடுத்துக்கொள்வோம். 1994இல் க்ரியா வெளியிட்ட இந்நாவல், தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. இமையத்தின் கழுதூர் இதே நெடுஞ்சாலையில், பெரம்பலூர் மாவட்ட எல்லை தாண்டினால் வரும் ஊர். பாடாலூர்க்காரருக்கு அந்தப் பேச்சும் அந்த வெயிலும் அந்நியமில்லை. இந்த நாவலுக்குப் புகைப்பட அட்டை போட நினைப்பவருக்கு மூன்று வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முதலாவது, கழுதையின் படம். தலைப்பு உவமை என்பதை மறந்து அதைப் பொருளாக்கிவிடும் வழி. இரண்டாவது, துணி மூட்டையோடு நிற்கும் ஒரு பெண். மூன்றாவது, முகம் தெரியாமல் சுருக்கம் விழுந்த கைகளை நெருக்கத்தில் காட்டுவது.

இரண்டாவது வழியில் பழைய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. காலனிய அரசு 1868 முதல் 1875வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ வரிசையும், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலும் மனிதரை நிறுத்திப் படமெடுத்தன. அந்தப் படங்களில் நிற்பவருக்குப் பெயர் கிடையாது. சாதிப் பெயர் உண்டு. தொழிற்கருவியைக் கையில் கொடுத்து, வெறும் பின்புலத்தில் நிறுத்திவிட்டால் ஒருவர் ‘மாதிரி’ ஆகிவிடுகிறார். இமையத்தின் நாவலோ அதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஒரு சாதிக்குரிய வேலைகளுக்குள்ளிருந்து ஆரோக்கியம் என்ற ஒரு தனி மனுஷியை, அவளுடைய வாயையும் ரோஷத்தையும் புலம்பலையும் வெளியே இழுத்து வருகிறது. மூட்டையோடு நிற்கும் பெண்ணின் புகைப்படம் அவளைத் திரும்பவும் தர்ஸ்டனின் பக்கத்துக்குள் தள்ளிவிடும்.

மூன்றாவது வழி கௌரவமாகத் தெரிகிறது. அதனால் அதில் ஏமாறுவது எளிது. கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த கிழவி, வெடித்த பாதம், திண்ணையில் ஒடுங்கிய கிழவர்: கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் கிராமத்து நாவல் என்றாலே இந்தப் படம் என்று ஆகிவிட்டது. நெல்லைக் கதைக்கும் நாமக்கல் கதைக்கும் விருத்தாசலத்து முந்திரிக்காட்டுக் கதைக்கும் ஒரே கை. நடிகையின் சிரித்த முகத்தைக் கேலி செய்த நாம் கிழவியின் சுருக்கத்தை இலக்கியம் என்கிறோம். இரண்டும் கையிருப்புச் சரக்குதான். தடம் போலத் தெரியும் இது உண்மையில் வறுமையின் சாயல்.

படத்தில் இருப்பவரைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. பாடாலூர் நிறுத்தத்தில் கூடையோடு நிற்கும் ஒரு அம்மாவை யாரோ படமெடுத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படம் நாளைக்கு ஒரு நாவலின் அட்டையாகலாம். நாவலில் வரும் பெண் கணவனை விட்டு ஓடியவளாகவோ கொலை செய்தவளாகவோ இருக்கலாம். அந்த அம்மா அதைப் படிக்கப் போவதில்லை. அவருடைய பேத்தி புத்தகத் திருவிழாவில் அந்த அட்டையைப் பார்க்கலாம். பெரம்பலூரில் 2012இல் புத்தகத் திருவிழா தொடங்கியபின் இது கற்பனைக்கெட்டாத காட்சி இல்லை. ஓவியத்தில் வரும் பெண் யாருமில்லை. புகைப்படத்தில் இருக்கும் பெண் எப்போதும் யாரோ ஒருத்தி. புனைவின் அட்டையில் நிஜ மனிதரை வைப்பதன் சுமை இது. தாது வருஷப் பஞ்சத்தின்போது டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்களைப் பார்க்கும் எவரும் இதை உணர்வார்கள். அந்தப் பஞ்சத்தை ஜெயமோகனின் வெள்ளை யானை (2013) போன்ற நாவல்கள் பேசுகின்றன. அப்படங்கள் வலுவான சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவற்றில் இருப்பவர்கள் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தவர்கள். இன்னொரு முறை அவர்களை அலங்காரத்துக்கு உட்காரவைப்பதற்கு முன்பு வடிவமைப்பாளர் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

திரைப்படமான நாவல்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானபின் யார் வேண்டுமானாலும் பொன்னியின் செல்வனை அச்சிடலாம் என்றாகிவிட்டது. ஒரே நூலுக்கு எத்தனையோ அட்டைகள் வந்தன; ஓவியம், சோழர் கோயில் விமானம், வாள், படகு. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரண்டு பாகங்களும் வெளியானபின் கடைக்கு வருபவர் மனத்தில் மணியத்தின் முகங்களுக்குப் பதிலாகக் கார்த்தியும் த்ரிஷாவும் குடியேறினார்கள். பாட்டுப் புத்தகத்திலிருந்து கிளம்பிய வட்டம் இங்கே வந்து முடிகிறது. பூமணியின் வெக்கை 1982இல் வந்தது; 2019இல் அது அசுரன் ஆனபிறகு படித்தவர்கள் சிதம்பரத்தின் அப்பாவைத் தனுஷாகப் பார்க்காமல் படிப்பது கடினம். அட்டையில் போடாவிட்டாலும் முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சொற்களைக் கொடுத்தால் புகைப்படம் போன்ற ஒன்றைக் கணினி செய்து தருகிறது. அதில் இருக்கும் கிழவி யாருமில்லை. அந்தத் தெரு எந்த ஊரிலும் இல்லை. நிஜ மனிதரைப் பயன்படுத்தும் சுமை இதனால் தீர்ந்ததே என்று சிலர் மகிழலாம். என் பார்வையில் புகைப்படம் அட்டைக்கு வந்ததன் பயனே இதனோடு போய்விடுகிறது. வெளிச்சம் எதையும் தொடாத படத்தில் தடம் இல்லை. ஊட்டத்தூர்க் கல்லைப் போலச் சிமெண்டில் சுருள் வார்த்து வைப்பதற்கு ஒப்பானது இது.

நூலக அடுக்கில் இந்த விவாதம் எதுவும் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளை நூலகங்களில் பலர் கை பட்டுக் கிழிந்த நாவல் பைண்டிங்குக்குப் போய்த் திரும்பும்போது பழைய அட்டை போயிருக்கும். காலிகோ முதுகில் கையால் எழுதிய எண் மட்டும். பாடாலூர் போன்ற ஊர்களில் ஒரு தலைமுறை தமிழின் பெரிய நாவல்களை முகமே இல்லாமல்தான் படித்தது. 1879இன் வாசகரைப் போல அவர்களும் எல்லா முகங்களையும் தாங்களே செய்துகொண்டார்கள்.

அப்படிப் படிக்கப்பட்ட நாவல்களில் ஒன்று சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை. 1966இல் வந்தது, ஆங்கிலத்துக்கும் ஹீப்ருவுக்கும்கூடப் போனது. அட்டை போடச் சொன்னால் எவர் கையும் முதலில் ஒரு புளியமரத்தின் படத்தைத் தேடும். பரந்த கிளை, தடித்த அடி, கீழே நிழல். கதை சொல்வது அதையல்ல. நாற்சந்தியில் நின்ற மரத்தைக் கடைக்காரர்களின் போட்டியும் தேர்தல் அரசியலும் சேர்ந்து சாகடிக்கின்றன. மரம் போனபின்னும் அந்த இடத்துக்குப் புளியமர ஜங்ஷன் என்ற பெயர் போவதில்லை. மரத்தின் புகைப்படம் அந்த நாவலுக்குச் சாயல். தடம் வேண்டுமென்றால் கேமராவை மரமில்லாத சந்திப்பின் முன்னால் நிறுத்த வேண்டும்.

அதற்கு நாகர்கோவில்வரை போக வேண்டியதில்லை. சென்னை திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழியானபோது சாலையோரத்துப் புளியமரங்கள் வெட்டப்பட்டன. நெடுஞ்சாலைத் துறை எண் எழுதி, வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்து வைத்திருந்த மரங்கள். பாடாலூரில் இன்று சாலையைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினால் சட்டத்துக்குள் விழுபவை நடுத்தடுப்பின் அரளிப் பூக்கள், வழிகாட்டிப் பலகை, நேராக ஓடும் தார், அதன் ஓரத்தில் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்கும் சிலர். பழைய நிழல் எதுவரை விழும் என்று தெரிந்தவர்கள் இப்போதும் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் நிற்பார்கள்.